விட்ட இடத்திலிருந்து தொடங்குவது: மெல்லக் கற்கும் பிள்ளைகளும் வழக்கமான வகுப்பறையும்

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். 35 என்று எழுதுகிறது. பெருக்கல் குறி போட்டு, ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த நோட்டை எடுத்துவிடுவார். 40 நோட்டு திருத்த வேண்டியவர் வேறென்ன செய்வார்?

அந்த 35 எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். பத்தாம் இடத்தில் 5-லிருந்து 2 போனால் 3. ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது. ஆகவே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பில் சொல்லித் தந்ததை அந்தப் பிள்ளை இம்மி பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. நாளைக்கு 81-லிருந்து 46 கொடுத்தால் 45 என்று எழுதும். கவனத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கிக் கழிப்பது ஏன் என்பது புரியவில்லை. அது புரியாததற்குக் காரணம், 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது மனதில் பதியாதது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் பாதி வழி வந்துவிடும். ஆனால் வகுப்பில் அன்றைக்கு நடப்பது இயற்கணிதக் கோவைகள்.

மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது. பிள்ளை நிற்கும் இடம் ஒன்று, பாடம் நடக்கும் இடம் இன்னொன்று. இடையில் நாலைந்து படிகள் காணாமல் போயிருக்கின்றன. மாலை ஸ்பெஷல் கிளாஸில் அதே பாடத்தை இன்னும் சத்தமாக, இன்னும் இரண்டு முறை நடத்தினால் அந்தப் படிகள் முளைத்துவிடாது.

தமிழ் வாசிப்பிலும் இதே கதைதான். ‘கொடி’ என்ற சொல்லில் முதல் எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய கண், கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் ‘கெ’ என்று சொல்லிவிடும். அப்புறம் வரும் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். ‘கௌதாரி’ இன்னும் மோசம். அதில் வரும் கடைசிக் குறி ளகரத்தைப் போலவே இருப்பதால் ‘கெளதாரி’ என்று வாசிக்கும் பிள்ளையைக் குற்றம் சொல்லவே முடியாது. இப்படி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, எட்டுச் சொல் உள்ள வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது கொஞ்சம்தான். அது முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே செலவாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அறிவியல் புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை புரியவில்லை என்றால் சிக்கல் அறிவியலில் இல்லை.

சரி, யார் இந்தப் பிள்ளைகள்? உளவியலில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ; சராசரி 100) 70-க்கும் 85-க்கும் இடையில் உள்ளவர்களை இந்த வகையில் சேர்ப்பது வழக்கம். பெரும்பாலோர் சராசரியை ஒட்டியும் சிலர் மட்டும் இரு ஓரங்களிலும் வருவார்கள் என்ற இயல்நிலைப் பரவல் கணக்குப்படி 100 பேரில் 14 பேர் அளவுக்கு இந்த இடைவெளியில் வருவார்கள். 40 பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். இவர்களால் கற்க முடியும். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள மற்றவர்களைவிட அதிக நேரமும் அதிகத் தடவையும் தேவைப்படும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பழகியதிலிருந்து கருத்துக்குப் போவது எளிது. கருத்திலிருந்து தொடங்கினால் கஷ்டம்.

நம் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் பெயர் வரும் பிள்ளைகள் எல்லாரும் இந்த வகை அல்ல. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போய் ஆண்டுக்குச் சில மாதம் பள்ளியைத் தவறவிடும் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள் இருப்பார்கள். கரும்பலகை சரியாகத் தெரியாதவர்கள், ஒரு காதில் கேட்புக் குறை உள்ளவர்கள், இரத்தசோகையால் மதியம் சோர்ந்துவிடுபவர்கள் இருப்பார்கள். முதல் வேலை கண், காது, இரத்தம் மூன்றையும் பார்ப்பது. ஒரு மூக்குக்கண்ணாடியோடு முடிந்துபோகும் ‘மந்தம்’ உண்டு.

கொரோனாவையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பின் பாதி. அந்தப் பிள்ளைகள் 2025-26-ல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அ, ஆ போட வேண்டிய காலம் முழுக்க வீட்டில் இருந்தவர்களை ‘ஆறாவது வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை’ என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு வேறு. அந்தப் பிள்ளைகளின் பொது அறிவுத்திறன் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். வாசிப்பது, எழுதுவது, கணக்கு என்று ஏதோ ஒன்றில் மட்டும் முட்டிக்கொள்ளும். மெல்லக் கற்கும் பிள்ளைக்கோ அநேகமாக எல்லாப் பாடமும் சீராக மெதுவாக நகரும். இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் பெரிய விளைவு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு. அறிவுசார் குறைபாடு உண்டு. 70-க்கும் 85-க்கும் இடைப்பட்ட பிள்ளை அதில் இல்லை. சான்றிதழ் கிடையாது, தேர்வில் கூடுதல் நேரம் கிடையாது, சொல்வதை எழுதுபவர் கிடையாது. சிறப்புப் பள்ளியிலும் இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆக, இந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் வழக்கமான வகுப்பறைதான். அங்கே நடக்காதது வேறெங்கும் நடக்கப் போவதில்லை.

தமிழ்நாடு இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி என்ற வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் அட்டையிலிருந்து மேலே போகும் ஏற்பாடு. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது. நான்கு நாள் விடுப்பு எடுத்த பிள்ளை ஐந்தாம் நாள் வந்து, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பது அதன் மிகப் பெரிய அழகு. வழக்கமான பாடமுறையில் அந்த நான்கு நாள் போனது போனதுதான். பரவிய வேகத்தில் பல இடங்களில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் மட்டுமே நடந்தன என்ற குறையும் உண்டு, அது நியாயமான குறையும்தான். ஆனாலும் பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதை ஒரு மாநிலமே முறையாகச் செய்துபார்த்தது சின்ன விஷயமில்லை.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அதே சிந்தனையின் வழியில் வந்ததுதான். முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரைக்கும். பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல். 2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குத் ‘திறன்’ என்ற பெயரில் இதைப் போன்ற ஒரு முயற்சி வந்திருக்கிறது. அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே பெரிய மாற்றம். அதுவரைக்கும் ‘தொடக்கப் பள்ளியில் என்னதான் செய்தார்கள்’ என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும்.

இந்தத் திட்டங்கள் எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் நடந்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் ஒரு ஏற்பாட்டைச் செய்தது. மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை அந்தப் பகுதிப் பெண் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, தனியாக உட்காரவைத்து அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார். பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு இதை அளந்து பார்த்தார்கள். அடித்தட்டில் இருந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வகுப்பறையில் மீதி இருந்த பிள்ளைகளுக்கு எண்ணிக்கை குறைந்ததால் தனிப் பலன் ஏதும் தெரியவில்லை. அதாவது கூட்டத்தைக் குறைப்பதால் மட்டும் பாடம் ஏறிவிடாது.

அதைவிடச் சுவையானது பீகாரில் நடந்தது. 2008 முதல் 2010 வரைக்கும் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கே இந்த முறையில் பயிற்சி கொடுத்தார்கள். கோடை விடுமுறை முகாமில் அந்த ஆசிரியர்கள் பாடம் நடத்தியபோது பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. அதே பயிற்சியையும் அதே கருவிகளையும் கொடுத்துப் பள்ளி ஆண்டில் விட்டபோது ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லை என்று சொல்ல வழியில்லை. கோடை முகாமில் அவர்களே செய்து காட்டிவிட்டார்களே! பள்ளி திறந்ததும் போர்ஷன் முடிக்க வேண்டும். அதன் முன்னால் மற்றது எல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. பின்னர் ஹரியானாவில் 2012-13-ல் கால அட்டவணையிலேயே தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் நிலை வாரியாக உட்காரவைத்து, மேற்பார்வைக்கும் ஆள் போட்டார்கள். இந்தி வாசிப்பு மேம்பட்டது.

எனக்கு இதில் கிடைக்கும் பாடம் கொஞ்சம் கசப்பானது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களுக்குக் கருத்தாளர் பயிற்சி கொடுப்பது எளிது. கையேடு அச்சடிப்பது அதைவிட எளிது. கால அட்டவணையில் ஒரு பாடவேளையை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம். அந்த ஒரு பாடவேளை இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் பதிவேட்டில் மட்டும் இருக்கும். பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியரிடம் ‘இந்த மாதம் மூன்றாவது பாடம் முடித்தாயிற்றா’ என்று கேட்கும் அதிகாரியே ‘மெல்லக் கற்போர் பதிவேடு எங்கே’ என்றும் கேட்டால், அவர் எதை எழுதுவார், எதைச் செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாடவேளை கிடைத்தால் என்ன செய்யலாம்? முதலில் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்வது. இதற்கு மூன்று மணி நேரத் தேர்வெல்லாம் வேண்டாம். சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நாலு வரிப் பத்தி, பத்து வரிக் கதை என்று ஒரே தாளில் அச்சடித்து, தனியாக அழைத்து வாசிக்கச் சொன்னால் போதும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில் இப்படித்தான் வீடு வீடாகப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். தனியாக அழைப்பது முக்கியம். வகுப்பு நடுவே எழுப்பி வாசிக்கச் சொன்னால் தெரிந்ததும் வராது, அதற்குமேல் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் பள்ளிக்கும் வராது.

அப்புறம் வழக்கமான பாட நேரம். அதிலிருந்து இந்தப் பிள்ளைகளை ஒதுக்கிவிடவும் கூடாது. ஏழாம் வகுப்புத் தமிழில் ஒரு கதை என்றால், கதையை ஆசிரியர் வாசிப்பதையும் அதைப் பற்றிப் பேசுவதையும் எல்லாரும் செய்யலாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதை புரியாது என்று யார் சொன்னது? ஊர் நியாயம் பேசச் சொன்னால் கடைசி பெஞ்சுதான் முதலில் வாய் திறக்கும். எழுதும் நேரம் வரும்போது மட்டும் வேலை பிரியும். ஒரு குழு கதையின் முடிவை மாற்றி எழுதட்டும். ஒரு குழு கேள்விக்கு விடை எழுதட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அதே கதையை ஆறேழு சிறு வாக்கியங்களாக எழுதிக் கொடுத்து வாசிக்கவும், இரண்டு வாக்கியம் சொந்தமாக எழுதவும் வைக்கலாம். கதை ஒன்றுதான் என்பதால் ‘உனக்கு வேற புக்கு’ என்ற அவமானம் இல்லை.

கணக்கில் ஒரு எளிய உத்தி நன்றாக வேலை செய்யும். பத்துக் கணக்கு கொடுத்துப் போடச் சொல்லாமல், முழுதாகப் போட்ட ஒரு கணக்கை முதலில் கொடுப்பது. அடுத்ததில் கடைசி அடியை மட்டும் விட்டுவைப்பது. அதற்கடுத்ததில் இரண்டு அடி. இப்படிப் படிப்படியாகக் கையை எடுப்பது. புதிதாகக் கற்பவர்களுக்கு, தாமாகப் போராடி விடை தேடுவதைவிட, தீர்த்த கணக்கை ஆராய்வது அதிகம் கற்றுத்தருகிறது என்பது ஆய்வில் பலமுறை உறுதியான செய்தி. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது அலுப்பாக இருக்கும். அவர்களுக்கு இது வேண்டாம்.

திரும்பச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே நாளில் வாய்பாட்டை இருபது தடவை எழுதுவது பெரும்பாலும் வீண். இன்றைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு நிமிடம், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல வைப்பதுதான் தங்கும். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இதுதான் சோறு. நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு மறந்துவிட்டது என்று ஆசிரியர் அலுத்துக்கொள்ளும் இடமும் இதுவே. மறந்ததை மீண்டும் எடுக்கும்போதுதான் அது பலப்படுகிறது என்பதால் அந்த அலுப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும்.

கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதையும் கவனிக்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது அதிகம் பேர் பதில் சொன்னார்கள், பதில்களும் நீண்டன. முதல் பெஞ்சு கையைத் தூக்கிக்கொண்டு ‘டீச்சர், டீச்சர்’ என்று துடிக்கும்போது மூன்று வினாடி என்பது யுகம். ‘எல்லாரும் மனதுக்குள் யோசியுங்கள், பிறகு நான் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டால் சமாளிக்கலாம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பது எல்லாரும் செய்வது. பல இடங்களில் அது நோட்டைப் பார்த்து எழுதும் வசதியாக முடிகிறது. ஜோடி பலன் தர வேண்டுமென்றால் இடைவெளி அதிகம் இருக்கக்கூடாது. முதல் ரேங்க் பிள்ளையைவிட, போன மாதம்தான் அதே படியைத் தாண்டிய பிள்ளை நல்ல துணை. அதற்குத் தடுமாற்றம் எங்கே வரும் என்று தெரியும்.

மதிப்பெண் பார்த்து செக்‌ஷன் பிரிக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நிலைவாரியாக உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவது வேறு. ஆண்டு முழுக்க ‘ஈ செக்‌ஷன்’ என்று கடைசி அறையில் கிடப்பது வேறு. முதலாவதில் குழு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுகிறது, அந்த அறைக்கு அனுபவம் குறைந்த ஆசிரியரும் போய்ச் சேர்கிறார்.

பத்தாம் வகுப்பு வந்ததும் காட்சி மாறிவிடும். அங்கே இலக்கு 35 மதிப்பெண். மெல்லக் கற்போருக்கென்று மினிமம் மெட்டீரியல் வரும். உறுதியாக வரும் ஒரு மதிப்பெண் வினாக்கள், வரைபடம், கிராஃப், மனப்பாடப் பகுதி என்று. காலையும் மாலையும் தனி வகுப்பு. இதைக் கேலி செய்வது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் பல ஐடிஐ பிரிவுகளுக்கும் பாலிடெக்னிக்குக்கும் போக முடியாது. அந்த 35 ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பும். ஆனால் அதைக் கற்றல் என்று நாமே நம்பிவிடக்கூடாது. ஆறாம் வகுப்பில் செய்யாத வேலைக்கு நாலு வருஷம் கழித்துக் கட்டும் அபராதம் அது.

தோல்வி போட்டு அதே வகுப்பில் வைத்தால் சரியாகிவிடும் என்ற வாதமும் திரும்ப வந்திருக்கிறது. 2019-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளை வெளியிட்டு, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சியில்லை என்று நிறுத்திவைக்க வழி செய்தது. தமிழ்நாடு எட்டு வரைக்கும் கட்டாயத் தேர்ச்சியே தொடரும் என்று அறிவித்தது. இரண்டாவது படியே ஏறாத பிள்ளையை ஐந்தாவது படியில் இன்னொரு வருடம் நிற்கவைத்தால் என்ன மாறும்? அதே சமயம், எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு இடையில் எதுவும் செய்யாமல் இருந்தால் அதுவும் கைவிடல்தான். கட்டாயத் தேர்ச்சியை ஆதரிப்பவர்கள் இந்த இரண்டாவது பகுதியை அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் இருக்கிறது. டியூஷனுக்கு அனுப்புவதாக இருந்தால் ‘வீட்டுப்பாடம் முடிக்க வையுங்கள்’ என்று சொல்லாமல் ‘வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். படிக்காத பெற்றோரும் பிள்ளையைப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைக் கணக்குச் சொல்லச் செய்யலாம். அக்காவோடு, எதிர்வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதை நிறுத்தினாலே பாதி பாரம் இறங்கும்.

இவ்வளவும் செய்து ஆறு, எட்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி வாசிக்கச் சொல்லும்போது பெரும்பாலான பிள்ளைகள் ஒரு படியாவது நகர்ந்திருப்பார்கள். நகராதவர்களில்தான் டிஸ்லெக்சியா, கேட்புக் குறை, அறிவுசார் குறைபாடு போன்றவை மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்களை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்பி மதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் மற்ற சலுகைகளும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் வேலையைப் பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் கை நழுவிப்போகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் பட்டியல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.